எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் வயிறு படுத்துகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு முதல் வருடம் நன்றாகவே போகிறது. எடை இறங்குகிறது, பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் குறைகின்றன, மூட்டு வலி விடுகிறது. அதற்கு அப்புறம் வருகிற வயிற்றுத் தொல்லைகளைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. சாப்பிட்டவுடன் படபடப்பு, நாள் முழுக்க உப்புசம், அவசரமாகக் கழிவறைக்கு ஓட வைக்கும் வயிற்றுப்போக்கு, திடீரென்று கை நடுக்கம். இதைச் சொன்னால், "ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

நான் பள்ளி ஆசிரியை. இரைப்பை பைபாஸ் செய்து வருடங்கள் ஆகின்றன. என் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுக் கேட்டு, என் உடம்பைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மருந்து எதையும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனால் அவரிடம் போகும்போது "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்ன நடக்கிறது என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்களுக்கு நடந்தது எந்த ஆபரேஷன்?

இதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் நிறையப் பேர். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொல்லையின் தன்மை ஆபரேஷனைப் பொறுத்து மாறும்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் மாதிரி விட்டிருப்பார்கள். இதில் நாள்பட வரும் முக்கியத் தொல்லை நெஞ்செரிச்சலும் புளித்த நீர் மேலே வருவதும். பைபாஸ் என்றால் மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை உருவாக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்திருப்பார்கள். இரைப்பையின் மீதிப் பகுதி உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. இரைப்பையின் அடியில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற ஒரு வளையத் தசை இருக்கிறது, மதகு மாதிரி. பைபாஸில் சாப்பாடு அதைத் தாண்டிப் போய்விடுகிறது. படபடப்பும் சர்க்கரை இறக்கமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இவை வரலாம். மினி பைபாஸ் என்றால் பித்தநீர் மேலேறுவது ஒரு பிரச்சினை. டியோடினல் ஸ்விட்ச் என்றால் கொழுப்பு செரிக்காமல் போவது அதிகம்.

ஒரு நோட்டு போடுங்கள்

செயலி எல்லாம் வேண்டாம், சாதாரண நோட்டே போதும். சாப்பிடத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன, எவ்வளவு, எப்போது தண்ணீர் குடித்தீர்கள், என்ன தொந்தரவு, எத்தனை மணிக்கு. மலம் எப்படி இருந்தது என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். என் நோட்டில் இருந்து இரண்டு பதிவுகள்:

"காலை 8.10. ரொட்டி இரண்டு துண்டு, ஜாம், பால். 8.20க்கு முடித்தேன். 8.40 ஒன்றும் இல்லை. 10.05 கை நடுக்கம், கழுத்தில் வியர்வை. குளுக்கோமீட்டரில் 52."

"காலை 8.10. முட்டை இரண்டு, அப்புறம் ரொட்டி ஒரு துண்டு, ஜாம் இல்லை. 8.35 வரை சாப்பிட்டேன். 10.05 ஒன்றும் இல்லை. 88."

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் டாக்டர் அடுத்த கேள்வியே கேட்கவில்லை, பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் இப்படி எழுதினால் உங்களுக்கே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வந்தால்

சாப்பிட்டு பத்து நிமிடத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு முறுக்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, முகம் சூடாகிறது, தலை சுற்றுகிறது, பிறகு வயிற்றுப்போக்கு. இதற்கு முதல்கட்ட டம்பிங் என்று பெயர். சர்க்கரை அடர்த்தியான உணவு சட்டென்று சிறுகுடலில் இறங்கியதும், அதை நீர்க்கச் செய்ய ரத்தத்தில் இருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. குடல் உப்பி வலிக்கிறது, ரத்தத்தின் அளவு குறைவதால் இதயம் வேகமாக அடிக்கிறது. கூடவே குடல் சில ஹார்மோன்களையும் விடுகிறது.

இதைச் சமாளிப்பது பெரும்பாலும் சாப்பிடும் முறையில்தான் இருக்கிறது. மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறிய வேளை. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பழச்சாறு, குளிர்பானம், ஐஸ்க்ரீம், தேன் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே ரகம்தான், 'இயற்கைச் சர்க்கரை' என்று குடல் பிரித்துப் பார்ப்பதில்லை. மெதுவாக, நன்றாக மென்று, குறைந்தது இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். எனக்கு இதில்தான் கஷ்டம். ஆசிரியர் அறையில் இடைவேளை மணி அடிப்பதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அதனால் மதியச் சாப்பாட்டை இரண்டு சின்ன டப்பாவாகப் பிரித்துவிட்டேன், ஒன்று மதியம், மற்றது கடைசி பீரியட் முடிந்ததும்.

படபடப்பு வந்துவிட்டால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள், அரை மணி நேரம் படுத்துவிடுங்கள். உணவு இறங்கும் வேகமும் குறையும், தலைசுற்றலும் அடங்கும்.

ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வந்தால்

இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைக்கிறேன், காரணம், இதை வயிற்றோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. சாப்பிட்டதும் எந்தத் தொந்தரவும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, எழுத்து கோணும். நான் எழுதிய வரியே எனக்கு மங்கலாகத் தெரியும். பிள்ளை ஒருத்தி கேள்வி கேட்டால் வார்த்தை காதில் விழும், அர்த்தம் பிடிபடாது. பதற்றம், வேலைப்பளு, மாதவிடாய் நிற்கிற வயசு என்று சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

நடப்பது இதுதான். மாவுச்சத்து வேகமாகக் குடலில் இறங்கி, ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக ஏறுகிறது. குடலில் சுரக்கும் ஜிஎல்பி 1 என்ற ஹார்மோன் கணையத்தைத் தூண்டி, தேவைக்கு அதிகமாக இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ஏறிய வேகத்திலேயே சர்க்கரை கீழே விழுகிறது. இது பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், அதற்கும் மேல் ஆன பிறகுதான் தொடங்குகிறது. அதனாலேயே ஆபரேஷனோடு முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

உறுதி செய்ய முதல் படி, தொந்தரவு வரும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பார்ப்பது. 70க்குக் கீழே என்றால் குறைவு. 54க்குக் கீழே என்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அளவு. கையில் ஒட்டும் சென்சார் ஏறி இறங்கும் போக்கைக் காட்ட உதவும், ஆனால் சர்க்கரை வேகமாக மாறும்போது அதில் தெரியும் எண் சற்றுப் பின்தங்கும், விரலிலும் பார்த்துவிடுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே இறங்கியிருக்கலாம், அளவை மாற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, சாப்பிடாமல் வெறும் வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை இறங்குகிறது என்றால் அது இந்தக் கணக்கில் வராது. வேறு காரணம் தேட வேண்டும், அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இறங்கிவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் அதோடு நிறுத்தாமல் புரதம் உள்ள சின்னத் தின்பண்டம் ஒன்று சாப்பிடுங்கள், ஒரு முட்டையோ, ஒரு பிடி கடலையோ. இல்லாவிட்டால் எடுத்த குளுக்கோஸே இன்னொரு தடவை இன்சுலினைத் தூண்டி, மறுபடி கீழே தள்ளும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள், சர்க்கரை சரியாகி, தலை தெளிந்த பிறகு கிளம்பலாம். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

வராமல் தடுக்க, புரதத்தையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் கொஞ்சமாகச் சாப்பிடுவது எனக்கு நன்றாகவே கை கொடுக்கிறது. டயட்டீஷியன் எனக்கு வைத்த எல்லை ஒரு வேளைக்கு 30 கிராம் மாவுச்சத்து, இடையில் தின்பதற்கு 15 கிராம். உணவால் மட்டும் அடங்கவில்லை என்றால் அகார்போஸ் என்ற மாத்திரையை எழுதுவார்கள். அது மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும், கொஞ்சம் வாயுத் தொல்லை கொடுக்கும். அகார்போஸ் எடுப்பவர்கள் சர்க்கரை இறங்கும்போது சாதாரணச் சர்க்கரையை வாயில் போட்டால் சீக்கிரம் ஏறாது, அது உடைவதையும் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸாகவே எடுக்க வேண்டும். இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், ஆனால் எல்லோரும் சொல்வதில்லை.

கர்ப்பமாக இருக்கிறீர்களா? குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைக்கு முன்னால் உங்கள் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அந்தக் கரைசலே டம்பிங்கைக் கிளப்பிவிடும். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கும் முறை இருக்கிறது.

எப்போதும் உப்புசம், எப்போதும் போக்கு

கடிகாரத்தோடு ஒத்துப் போகாத தொல்லைகளும் உண்டு. நாள் முழுக்க வயிறு உப்பியே இருக்கிறது, வாயு பிரிகிறது, மலம் இளகிப் போகிறது. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலில் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை. ஆபரேஷனுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். புரதப் பொடி குடிக்கிறீர்கள் என்றால் அதிலும் பால் சர்க்கரை இருக்கலாம். அப்புறம் 'சர்க்கரை இல்லாதது' என்று போட்டிருக்கும் மிட்டாய், சூயிங் கம். சார்பிட்டால், சைலிட்டால், மால்டிட்டால் என்ற பெயர்கள் உறையில் இருந்தால் வயிற்றுப்போக்குக்கு அதுவே போதும்.

இவற்றில் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் மூன்றைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று, சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகுவது. மூச்சில் ஹைட்ரஜனை அளந்து பார்ப்பார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு உணவு வேகமாக இறங்குவதால் அந்தச் சோதனை சில நேரம் தவறாகக் காட்டும், அதனால் அறிகுறிகளையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். சிகிச்சை ஆன்டிபயாட்டிக்தான், திரும்பவும் வரக்கூடியது. இரண்டாவது, பித்த அமிலங்கள் பெருங்குடலுக்கு வழிந்து வரும் வயிற்றுப்போக்கு. தண்ணீர் தண்ணீராக, அடக்க முடியாத அவசரத்தோடு போகும். பித்தப்பையை எடுத்தவர்களுக்கு இது அதிகம். கொலஸ்டிரமின் என்ற பொடி இதற்கு நல்ல பலன் தரும். ஆனால் அது மற்ற மருந்துகளையும் வைட்டமின்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும், அவற்றை ஒரு மணி நேரம் முன்னாலோ நாலைந்து மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். மூன்றாவது, கொழுப்பு செரிக்காதது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்ஸைமின் அளவைப் பார்த்துவிட்டுக் கணைய என்ஸைம் மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பாட்டின் முதல் வாயோடு எடுக்க வேண்டும், சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து எடுத்துப் பயனில்லை.

மலச்சிக்கலுக்குப் பெரும்பாலும் இரும்பு மாத்திரையும் கால்சியமும் குறைவான தண்ணீரும்தான் காரணம். வேளைகளுக்கு நடுவே சிறுகச் சிறுகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நார்ச்சத்துப் பொடி எடுத்தால் போதிய தண்ணீரோடு எடுங்கள், தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும்.

எரிச்சலும் புண்ணும்

ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் வருடக்கணக்கில் நீடித்தால் ஆன்டாசிட் குடித்துக்கொண்டே காலம் தள்ள வேண்டாம், எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும். உணவுக்குழாயின் உள்படலம் மாறியிருக்கலாம், எரிச்சல் இல்லாதவர்களுக்கும் அது நடக்கலாம். மருந்துக்கு அடங்காவிட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது ஒரு வழி.

பைபாஸ் செய்தவர்களுக்கு மேல்வயிற்றில் குடைகிற மாதிரி வலி இருந்தால், பையும் குடலும் சேரும் இடத்தில் புண் இருக்கலாம். புகைப்பதும் வலி மாத்திரைகளும் இதற்குப் பெரிய காரணங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எதுவும் வேண்டாம். பல் டாக்டரோ எலும்பு டாக்டரோ எழுதும்போது நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் உங்கள் ஆபரேஷனை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். புண்ணுக்கு அமிலத்தைக் குறைக்கும் கேப்சூல் கொடுத்தால், அதைத் திறந்து எடுக்கலாமா என்று கேளுங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அப்படி எடுத்தால் புண் சீக்கிரம் ஆறுவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

வைட்டமின்கள்

வயிறு சரியில்லாத நாட்களில் முதலில் நிற்பது வைட்டமின் மாத்திரைகள்தான், அப்போதுதான் அவை அதிகம் தேவைப்படுகின்றன. கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், அமிலம் குறைந்த வயிற்றிலும் அது உறிஞ்சப்படும். ஒரு தடவைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பி12, இரும்பு, டி, ஃபோலேட் அளவுகளை வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். நாள்பட்ட வயிற்றுப்போக்கு இருந்தால் ஏ, துத்தநாகம், தாமிரம் இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். துத்தநாக மாத்திரையைத் தனியாக நீண்ட நாள் எடுத்தால் தாமிரம் குறையும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் பைபாஸ் குடலில் முழுசாகக் கரையாமல் போகலாம், அதையும் மருந்தாளுநரிடம் கேட்டுவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

நோட்டில் எழுதிக்கொண்டு இருக்க வேண்டிய நேரம் வேறு, நோட்டை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் வேறு.

பைபாஸ் ஆனவர்களுக்குத் திடீரென்று வயிற்றைப் பிடித்து முறுக்கும் கடும் வலி, பெரும்பாலும் மேல்வயிற்றில், சில சமயம் முதுகு வரைக்கும். விட்டு விட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துகொண்டிருந்ததாகவும் இருக்கலாம். குடல் உள்ளேயே ஒரு இடைவெளியில் நுழைந்து சிக்கிக்கொள்ளும் உள் குடலிறக்கம் இப்படித்தான் வரும். எடை குறையும்போது குடலைத் தாங்கும் கொழுப்பும் கரைவதால் அந்த இடைவெளிகள் பெரிதாகின்றன, எத்தனை வருடம் கழித்தும் நடக்கலாம், கர்ப்பகாலத்திலும் நடக்கலாம். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. "ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லியும் வலி நிற்கவில்லை என்றால், எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்யும் சர்ஜன் ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, இதில் சங்கடப்பட ஒன்றுமே இல்லை.

அடுத்தது, நிற்காத வாந்தி. உடம்பில் தயமின் என்ற பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். நாள் கணக்கில் வாந்தி எடுத்து எதுவும் தங்கவில்லை என்றால் நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சில் குழப்பம் வரும். மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும் நிலை அது. அவசரப் பிரிவில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம், தயமின் முதலில் போக வேண்டும். கறுத்த தார் போன்ற மலம், ரத்த வாந்தி, காய்ச்சலோடு மஞ்சள் காமாலை இவையும் இதே வரிசைதான். எடை வேகமாகக் குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது அதிகம், வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்தால் அதையும் சொல்லுங்கள்.

இதெல்லாம் வலியில் துடிக்கும்போது நம் வாயில் வராது. அதனால் நான் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன், பூட்டியிருக்கும் போன் திரையிலும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அட்டையில் இருப்பது: என்ன ஆபரேஷன், எந்த வருடம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. வயிற்று வலி என்றால் உள் குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும். வாந்தி இருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின். மயக்கமாக இருந்தால் உடனே சர்க்கரை பார்க்கவும். இரைப்பைக்குள் குழாய் விடுவதற்கு முன் சர்ஜனைக் கேட்கவும். அதற்குக் கீழே இரண்டு தொலைபேசி எண்கள்.